கங்கப்பன் கேட்காமல் விட்ட கேள்வி

எங்கள் வீட்டுக்குக் கரண்ட் இழுக்க வந்த வயர்மேன் கங்கப்பனுக்கு ஏன் என்கிற ஒரு சொல் போதவில்லை. முதலில் தமிழில் ஏன் என்று கேட்பார். பதில் வரத் தாமதமானால் தெலுங்கில் எந்துக்கு என்பார். அதற்கும் நாம் அசையாவிட்டால் கன்னடத்தில் யாக்கே என்பார். சூளகிரிப் பக்கத்தில் மூன்று பாஷையும் எல்லோருக்கும் புரியும். அதனால் புரியாத மாதிரி நடித்துத் தப்பிக்கவும் முடியாது.

வந்த முதல் நாளே என் கோழியில் ஆரம்பித்தார்.

"ஏம்மா, அந்தக் கோழி அந்த மூலையிலயே போய்ப் போய்ப் படுக்குதே, எதனால?"

"அதைக் கோழியைத்தான் கேக்கணும்" என்றேன். அடுப்பில் களி கொதித்துக்கொண்டிருந்தது. கோழியின் மனசை ஆராய எனக்கு நேரமில்லை.

அவர் நிஜமாகவே கோழியிடம் போய்விட்டார். அதன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, அது எழுந்து போகும்வரை காத்திருந்து, அது படுத்த இடத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "காஞ்ச மண்ணு. சூடா இருக்குது. அதான் வருது" என்று எனக்குச் செய்தி சொன்னார். பெரிய புதையலைக் கண்டவர் போல முகம்.

இந்த மனிதர் வேலையை முடித்துவிட்டுப் போவதற்குள் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்று அன்றைக்கே முடிவு கட்டினேன்.

என் வீட்டுக்காரருக்கோ அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று. என் வீட்டுக்காரர் பெயர் சென்னகிருஷ்ணன். எழுதுவதில் தப்பில்லை, வாயால்தான் சொல்ல மாட்டேன். எங்கள் தெருவுக்குக் கரண்ட் கம்பம் வரப்போகிறது என்று தெரிந்த நாளிலிருந்து அவர் தரையில் நிற்கவில்லை. ரேடியோ வாங்க வேண்டுமாம். ஓசூரில் ஒரு கடையில் ரேடியோ பாடியதைக் கேட்டுவிட்டு வந்து, அதே பாட்டை ராகம் தப்பாக எருமைக்குப் பாடிக் காட்டிக்கொண்டிருந்தார். கம்பமே நடாத போது பல்பு வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். அதைத் துணியில் சுற்றிக் கேழ்வரகுக் குதிருக்குள் வைத்தார். நான் மாவுக்குக் கேழ்வரகு அள்ளும்போதெல்லாம் "பல்பு, பல்பு, பாத்து" என்று தோட்டத்திலிருந்தே கத்துவார்.

கங்கப்பனுடைய பூர்வீகத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கிணறு வெட்டுகிற குடும்பம். அவருடைய அப்பா, சித்தப்பா எல்லோருமே கிணற்றுக்குள் இறங்கிப் பிழைத்தவர்கள். மீசை முளைக்கும் வயதில் ஒரு கூட்டத்தோடு பெங்களூருக்குப் போயிருக்கிறார். அங்கே ஒரு மில்லுக்குள் கிணறு தோண்டுகிற வேலை. அந்த மில்லின் சுவரோரத்தில் ஒரு கனத்த கம்பி, மேலேயிருந்து இறங்கி வந்து மண்ணுக்குள் போயிற்றாம். வானத்தில் கம்பி போவதை எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோது இவர் ஒருத்தர்தான் குனிந்து பார்த்திருக்கிறார்.

"மேஸ்திரி, இந்தக் கம்பி எந்துக்கு மண்ணுக்குள்ள போகுது?"

"அது எர்த்துடா."

"எர்த்துன்னா?"

"மண்ணுடா."

"மண்ணுக்கு எதுக்குக் கம்பி?"

மேஸ்திரி கையில் கிடைத்ததை எடுத்து வீசினாராம். கிணற்று வேலை முடிந்து கூட்டம் ஊர் திரும்பியது. கங்கப்பன் திரும்பவில்லை. அந்தக் கம்பிக்குப் பதில் தெரியாமல் போக மாட்டேன் என்று அதே மில்லில் எலக்ட்ரிக் பகுதியில் சாமான் தூக்குகிற கூலியாகச் சேர்ந்துவிட்டார். தூக்கித் தூக்கியே தொழிலைக் கற்றுக்கொண்டு, பல வருஷம் கழித்து வயர்மேன் லைசென்சோடு சூளகிரிக்கு வந்து இறங்கினார். ஒரு கேள்விக்காக ஊரை விட்டவர். இவர் பெண்டாட்டி பாப்பம்மாவை ஒரு தடவை சந்தையில் பார்த்தேன். எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "கல்யாணத்தன்னைக்கே 'ஏன் அழற'ன்னு கேட்டாரு. இன்னும் நான் பதில் சொல்லல. அந்த ஒண்ணை வெச்சுத்தான் ஓட்டிக்கிட்டிருக்கன்" என்று சிரித்தாள்.

வீட்டுக்குள் வேலை சுலபமாகப் போயிற்று. தேக்குப் பட்டையைச் சுவரில் அடித்து அதன்மேல் வயரை ஓட்டினார். நடைக்குப் பக்கத்தில் மரப்பலகை ஒன்றைப் பொருத்தி, அதில் இரும்புப் பெட்டி போன்ற மெயின் சுவிட்சையும் வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ் கட்டைகளையும் மாட்டினார். நான் எட்டாவது வரை படித்தவள். சும்மா பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. அவருடைய வியாதி எனக்கும் ஒட்டிக்கொண்டது என்றுதான் சொல்ல வேண்டும். பெட்டியின் பக்கத்தில் காது மாதிரி நீட்டியிருந்த திருகிலிருந்து தனியாக ஒரு கம்பி தொங்கியதைப் பார்த்து, இது எதற்கு என்று கேட்டுவிட்டேன்.

அவர் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தார். ஆயுசு முழுக்க யாராவது அதைக் கேட்பார்களா என்று காத்திருந்த மாதிரி இருந்தது.

"இதாம்மா எர்த். கரண்டு வந்து கம்பிக்குள்ளதான் ஓடணும். எங்கியாவது தோல் உரிஞ்சி, தவறிப்போய் இந்த இரும்புப் பெட்டி மேல ஏறிடுச்சின்னு வெச்சிக்கங்க. பெட்டி பாக்கறதுக்குச் சும்மாத்தான் இருக்கும். நீங்க தொட்டீங்கன்னா உங்க உடம்பு வழியா மண்ணுக்கு இறங்கும். அதுக்கு எப்பவும் மண்ணுக்குப் போகணும். நாமளே ஒரு நல்ல வழி போட்டுக் குடுத்துட்டா, உங்க வழிக்கு ஏன் வரப்போகுது?"

"மண்ணுக்குள்ள எப்படிப் போகும்?"

"ஆள் உசரத்துக்கு மேல குழி வெட்டி, நடுவுல பைப்பு நிறுத்தணும். சுத்திலும் ஒரு வரிசை கரி, ஒரு வரிசை உப்பு, மறுபடி கரி, மறுபடி உப்புன்னு போட்டு மூடிடணும். ஈரம் இருக்கற மண்ணுதான் கரண்டை வாங்கும். உப்பு ஈரத்தைப் புடிச்சு வெச்சிக்கும்."

குழி என்றதும் உப்பு என்றதும் அதற்குமேல் நான் கேட்கவில்லை. களி கிண்ட வேண்டும் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

இனி எங்கள் வீட்டுப் பின்சுவரோரத்தில் இருக்கிற ஒரு இடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மறைக்க ஒன்றுமில்லை. எனக்கு முதலில் பிறந்தது பெண். முழுதாகப் பிறந்தாள், தலை நிறைய முடி, அழவே இல்லை. எங்கள் பக்கத்தில் அப்படிப் போன சிசுவைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோவதில்லை. தூரத்தில் வைத்தால் வழி தெரியாமல் போய்விடுமாம். வீட்டை ஒட்டி வைத்தால் அதே வயிற்றுக்குத் திரும்பி வருமாம். பெண்களேதான் குழி தோண்டி உப்புப் போட்டு வைப்பார்கள். இடம் ஆண்களுக்குச் சொல்வதில்லை. பிரசவம் பார்த்த நஞ்சம்மா, "உப்பு இருக்குதாடி?" என்று கேட்டு அடுக்களையிலிருந்து ஒரு படி உப்பை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனது மட்டும் எனக்குப் படுக்கையிலிருந்தே தெரிந்தது. பிறகு எழுந்து நடமாடத் தொடங்கியதும் சுவரோரமாக ஒரு இடத்தைக் கண்ணால் காட்டினாள். அவ்வளவுதான்.

அன்றிலிருந்து காலையில் தண்ணீர் இழுத்ததும் முதல் குடத்திலிருந்து ஒரு செம்பு அங்கே ஊற்றுவேன். பிள்ளைக்குத் தாகம் எடுக்கும் என்றா, இல்லை வேறு எதற்கா, எனக்கே தெரியாது. ஊற்றாமல் இருக்க முடியவில்லை. அந்த இடத்தை நான் மிதித்ததும் இல்லை. அப்புறம் எனக்குப் பிள்ளை உண்டாகவில்லை, அவள் இன்னும் திரும்பி வரவில்லை. வருவாள் என்று இருந்தேன்.

மறுநாள் கங்கப்பன் பொழுது விடிந்ததும் வந்துவிட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டைச் சுற்றி வெறுங்காலோடு மெல்ல மெல்ல நடந்தார். நடக்கிறார், நிற்கிறார், குதிகாலை அழுத்துகிறார், மறுபடி நடக்கிறார். கிணறு வெட்டுகிறவர்கள் இப்படித்தான் தண்ணீர் பார்ப்பார்களாம். நான் சாணி உருட்டிக்கொண்டே கண்ணை அவர் காலிலேயே வைத்திருந்தேன். பின்சுவரோரம் வந்தார். நின்றார்.

"இங்க நல்ல ஈரம்" என்றார். "பங்குனியில ஊரே வறண்டு கெடக்குது. இங்க மட்டும் புல்லு பச்சையா இருக்குது. ஏம்மா?"

"பாத்திரம் கழுவற தண்ணி."

அவர் குனிந்து பார்த்தார். "பாத்திரம் கழுவினா சாம்பல் இருக்கும். கரி இருக்கும். ஒண்ணும் காணலியே. எந்துக்கு?"

"எருமைத் தண்ணி."

"எருமை அந்தப் பக்கம் இல்ல கட்டியிருக்குது? யாக்கே?"

"என்னாத்துக்கு அண்ணா இத்தனை கேள்வி? ஈரம் இருந்தா இருந்துட்டுப் போகுது. உங்க குழியை வேற எங்கியாவது வெட்டுங்க!"

என் குரல் எனக்கே அதிகமாகப் பட்டது. என் வீட்டுக்காரர் பல் விளக்கிக்கொண்டே எட்டிப் பார்த்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ஈரம் இருக்கற எடத்தை விட்டுட்டு வேற எங்க வெட்டறது? அங்கியே வெட்டிடு கங்கப்பா" என்றார்.

"கூடாது" என்றேன். "அது... சாமிக்கு விட்ட எடம்."

"எந்தச் சாமிக்கு? எப்போ விட்டோம்?"

அவருக்குத் தெரியாமல் எங்கள் வீட்டில் ஒரு சாமி முளைத்துவிட்டதில் பாவம் ரொம்பவே குழம்பிப் போனார். வேப்பங்குச்சியை வாயில் வைத்தபடி சுவரையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். நான் சாணிக் கூடையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டேன். எர்த் சரியில்லை என்றால் லைன்மேன் கம்பத்திலிருந்து இணைப்புக் கொடுக்க மாட்டார் என்று கங்கப்பன் அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

அடுத்த சந்தை நாளில் என் வீட்டுக்காரர் ஓசூருக்குப் போனார். நான் தோட்டத்துக்குப் போய்ப் புல் அறுத்துக்கொண்டு திரும்பினேன். வாசலில் ஒரு மூட்டை உப்பும் ஒரு மூட்டை கரியும் இறக்கியிருந்தது. ஆளைக் காணோம். பின்பக்கம் கடப்பாரைச் சத்தம் கேட்டது. புல்கட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

அந்த இடத்திலேதான் நின்றிருந்தார். கடப்பாரை மண்ணில் இறங்கியிருந்தது. கத்த வேண்டும் என்று வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. என் உடம்பில் அந்தக் கடப்பாரை இறங்கினாற்போல வலித்தது. இதை நான் அழகுக்காகச் சொல்லவில்லை, உண்மையிலேயே வலித்தது.

அவர் என்னைப் பார்க்கவில்லை. கடப்பாரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு தடவை ஓங்கவும் இல்லை. அதை லேசாக அசைத்துப் பார்த்தார். பிறகு குந்தி உட்கார்ந்து, துவாரத்தில் விரலை விட்டு ஒரு சிட்டிகை மண்ணை எடுத்துத் தேய்த்தார். பிறந்ததிலிருந்து குழிக்குள்ளேயே வளர்ந்த மனிதர். வெட்டாத மண் எப்படி இருக்கும், ஒரு தடவை வெட்டி மூடிய மண் எப்படி இருக்கும் என்று அந்தக் கைக்குத் தெரியும். எங்கள் ஊர் மண் சுக்காங்கல் மண். இறுகிக் கிடக்கும். அங்கே மட்டும் தளர்வாக இருந்தது. கையால் தடவித் தடவி அந்தத் தளர்ந்த மண்ணின் ஓரத்தைத் தேடினார். ஓரம் சீக்கிரமே வந்துவிட்டது. அந்தப் பக்கத்து ஓரமும் சீக்கிரமே வந்துவிட்டது. ஒரு முழம் இருக்கும்.

அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். முதலில் தமிழில், பிறகு தெலுங்கில், பிறகு கன்னடத்தில். கேட்டால் சொல்லிவிடலாம் என்றுகூட அந்த ஒரு நொடியில் தோன்றியது. அவர் கேட்கவில்லை. கடப்பாரையை இரண்டு கையாலும் பிடித்து, பக்கத்து மண் உதிராமல் நேராக மேலே உருவினார். துவாரத்தை விரலாலேயே அடைத்து, மேல் மண்ணை உள்ளங்கையால் தட்டிச் சமம் செய்தார். சுவரோரம் என் செம்பு இருந்தது. அதில் தொட்டித் தண்ணீரை மொண்டு வந்து, நான் ஊற்றுகிற மாதிரியே மெல்ல ஊற்றினார். என்றைக்கோ கவனித்திருக்க வேண்டும். பிறகு தலைத்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, கடப்பாரையைத் தோளில் வைத்துக்கொண்டு முன்பக்கம் போய்விட்டார்.

நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதேன். நஞ்சம்மா உப்போடு பின்கட்டுக்குப் போன நாளுக்குப் பிறகு அப்படி அழுதது அன்றைக்குத்தான்.

முன்பக்கம் வெட்டுவது என்ன லேசான வேலையா? இடுப்பளவு போனதுமே பாறை வந்துவிட்டது. உளியும் சம்மட்டியும் கொண்டுவந்து நாள் கணக்கில் கொத்தினார். சில்லுத் தெறித்து முழங்காலெல்லாம் காயம். என் வீட்டுக்காரர் குழியோரத்தில் நின்று புலம்பினார்.

"ஏன் கங்கப்பா, பின்னாடி அத்தனை ஈரம் இருக்குது. இங்க வந்து எதுக்குப் பாறையோட மல்லுக்கட்டற?"

"பின்னாடி அடியில பாறைங்க" என்றார் கங்கப்பன் குழிக்குள்ளிருந்து.

"அப்போ இது என்னா?"

"இதுவும் பாறைதாங்க."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கோழி ஏன் அந்த மூலையில் படுக்கிறது என்பதில்கூட உண்மை தெரியாமல் தூங்க மாட்டாத மனிதர், குழிக்குள் நின்றுகொண்டு எனக்காகப் பொய் சொல்லிக்கொண்டிருந்தார். பொய் சொல்லவும் தெரியவில்லை.

ஆனால் என் பயம் அதோடு போகவில்லை. இடம் தப்பியது சரி. கரண்ட் மண்ணுக்குள்தானே போகப்போகிறது? மண் ஒன்றுதானே? முன்பக்கம் இறங்கிய கரண்ட் வீட்டுக்கு அடியில் ஊர்ந்து பின்பக்கம் போகாது என்று யார் கண்டது? பெரிய ஆளையே தூக்கி எறியும் என்கிறார்கள். ஒரு முழத்துக்குள் இருப்பவள் என்ன ஆவாள்? அதற்கப்புறம் எனக்கு எங்கே திரும்பி வருவாள்? மோர் கொடுக்கப் போனபோது குழியோரத்தில் நின்றேன். இப்போது கேட்கிறவள் நானாகிவிட்டேன்.

"அண்ணா, மண்ணுக்குள்ள போன கரண்டு எங்க போகும்?"

"பரவிடும்மா."

"எது வரைக்கும்?"

"அதைத்தான் நானும் இத்தனை வருஷமாக் கேட்டுக்கிட்டிருக்கன். மில்லுல ஒரு பெரியவர் சொன்னாரு, ஒரு செம்பு பாலை ஏரியில ஊத்தற மாதிரின்னு. கொஞ்ச தூரத்துக்குள்ள ஒண்ணுமில்லாமப் போயிடுமாம்."

"அந்த ஏரியில... ரொம்பச் சின்ன மீனு இருந்துச்சின்னா?"

அவர் மோரைக் குடிப்பதை நிறுத்தினார்.

"ஒண்ணும் ஆவாதும்மா" என்றார். "ஆனா நான் சொல்லி நீங்க நம்ப வேணாம். கரண்டு வர அன்னைக்கு நீங்களே பாத்துக்கங்க."

குழி ஆழமானதும் பைப்பை நிறுத்தினார். கரியும் உப்புமாக மாற்றி மாற்றிப் போட்டார். உப்பைக் கொட்டும்போது நான் உள்ளே போய்விட்டேன். பைப்பின் தலையில் ஒரு புனலை வைத்து, சுற்றிலும் செங்கல்லால் சின்னத் தொட்டி கட்டினார். மெயின் பெட்டியின் காதிலிருந்து இறங்கிய கம்பியைச் சுவரோடு கொண்டுவந்து பைப்பில் முடுக்கினார். கம்பி போகும் வழி நெடுக யார் காலும் இடறாதபடி மண்ணுக்குள் பதித்தார்.

லைன்மேன் ஆஞ்சப்பன் ஏணியோடு வந்த நாளில் தெருவே எங்கள் வாசலில் இருந்தது. கம்பத்திலிருந்து மெயின் பெட்டி வரைக்கும் கரண்ட் வந்துவிட்டது. எர்த்தைச் சோதித்த பிறகுதான் வீட்டுக்குள் விடுவேன் என்றார் ஆஞ்சப்பன். சோதிக்க ஒரு பல்பு வேண்டுமாம். என் வீட்டுக்காரர் குதிருக்குள் கையை விட்டு, கேழ்வரகு சிதறச் சிதறத் தன் பல்பை எடுத்துவந்தார். அதை ஒரு ஹோல்டரில் மாட்டி, ஒரு வயரைக் கரண்டிலும் இன்னொரு வயரை மண்ணுக்குப் போகிற கம்பியிலும் வைத்தார் ஆஞ்சப்பன். மண் கரண்டை வாங்கினால் பல்பு எரியும். வாங்காவிட்டால் எரியாது.

எரிந்தது. ஆனால் அணையப்போகிற பீடி மாதிரி சிவப்பாக ஒரு இழை மட்டும்.

"பத்தாது" என்றார் ஆஞ்சப்பன். "மண்ணு வாங்கல. வேற எடம் பாருங்க."

"நான் அன்னிக்கே சொன்னன்!" என்று என் வீட்டுக்காரர் குதித்தார். "பின்னாடிதான் ஈரம்னு தலையால அடிச்சிக்கிட்டன். கங்கப்பா, கடப்பாரையை எடு. இன்னைக்கே அங்க வெட்டிடலாம்."

கங்கப்பன் என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. பார்த்தால் மற்றவர்களும் பார்ப்பார்கள் என்று நினைத்தாரோ என்னவோ. "தண்ணி ஊத்திப் பாக்கலாம்" என்று மட்டும் சொன்னார். நான் இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு குடத்தை எடுத்து வந்தேன். புனலில் ஊற்றினேன். களகளவென்று உள்ளே இறங்கிற்று. இன்னொரு குடம். பல்பின் சிவப்பு மஞ்சளாயிற்று. தெரு வாயைப் பிளந்தது. இன்னொரு குடம். நான் ஊற்ற ஊற்றப் பல்பு வெளுத்துக்கொண்டே வந்தது. தண்ணீர் ஊற்றினால் விளக்கு எரிகிற அதிசயத்தை நான் பார்த்ததில்லை. ஊற்றிக்கொண்டே இருந்தேன். கடைசியில் அந்தப் பட்டப்பகலிலும் கண் கூசுகிற அளவுக்கு வெள்ளையாக எரிந்தது.

"இது போதும்" என்றார் ஆஞ்சப்பன். "ஆனா தினமும் யாராவது இதுல தண்ணி ஊத்தணும். மறக்கக் கூடாது."

"அந்தம்மா மறக்க மாட்டாங்க" என்றார் கங்கப்பன்.

ஆஞ்சப்பனிடம் பல்பைக் கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருக்கச் சொல்லிவிட்டு, என்னைத் தனியாகப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். அந்த இடத்துக்கு இரண்டடி தள்ளியே நின்றுகொண்டார். வெறுங்கால்தான்.

"பல்பு எரியுது இல்ல? அப்படின்னா இப்போ கரண்டு மண்ணுக்குள்ள போய்க்கிட்டிருக்குது. நான் நிக்கறன், எனக்கு ஒண்ணும் தெரியல. அதுமேல நான் கால் வெக்கக் கூடாதும்மா. நீங்க கை வெச்சுப் பாருங்க."

சொல்லிவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் மண்டியிட்டு உட்கார்ந்தேன். இத்தனை வருஷத்தில் தண்ணீர் ஊற்றியிருக்கிறேனே தவிர, அந்த மண்ணைத் தொட்டதில்லை. கையைக் கொண்டுபோனேன். பாதியில் நின்றுவிட்டது.

"எரியுதா?" என்று முன்பக்கம் கேட்கும்படி கத்தினார் கங்கப்பன்.

"எரியுது! ஜோரா எரியுது!" என்று என் வீட்டுக்காரர் குரல் வந்தது.

உள்ளங்கையை வைத்தேன். காலையில் ஊற்றிய ஈரம் இருந்தது. புல் நுனி விரலிடுக்கில் குத்தியது. வேறு எதுவும் இல்லை. ஒரு நடுக்கம் இல்லை, சூடு இல்லை. குளிர்ந்து, அமைதியாக, தூங்குகிற பிள்ளையின் முதுகைப் போல இருந்தது. கையை எடுக்க மனசு வரவில்லை. இன்னொரு கையையும் வைத்தேன். நிமிர்ந்தபோது கங்கப்பனைக் காணோம். முன்பக்கம் போய்விட்டிருந்தார்.

அவருக்குப் பதிலாக என் வீட்டுக்காரர் வந்துகொண்டிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு. வெளிச்சத்தைப் பார்க்க என்னைக் கூட்டிப்போக வந்திருக்கிறார்.

"எல்லாரும் அங்க பாத்துக்கிட்டிருக்கறாங்க. நீ ஏன் இங்க உக்காந்திருக்கற?"

ஊரெல்லாம் கேள்வி கேட்கிற மனிதர் கேட்காமல் விட்டதை இவர் கேட்டுவிட்டார். ஆண்களுக்குச் சொல்லக் கூடாது என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் வாய் அதுவாகவே திறந்துகொண்டது.

"இங்கதாங்க நம்ம பாப்பா இருக்குது" என்றேன்.

சிரிப்பு அவர் முகத்திலிருந்து இறங்க நேரமாயிற்று. மண்ணைப் பார்த்தார், பச்சைப் புல்லைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். சந்தைக்குப் போட்டுப் போகிற செருப்பு அன்றைக்குக் காலில் இருந்தது. அதைக் கழற்றித் தள்ளி வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கொஞ்சம் தயங்கி, என் கைக்குப் பக்கத்தில் தன் கையையும் மண்ணில் வைத்தார்.

முன்பக்கத்தில் ஆஞ்சப்பன், "எத்தனை நேரம் இதைப் புடிச்சுக்கிட்டு நிக்கறது? போதுமா?" என்று சத்தம் போட்டார்.

"இன்னும் கொஞ்ச நேரம் எரியட்டும்" என்று கங்கப்பன் பதில் சொன்னது எங்கள் இரண்டு பேருக்கும் கேட்டது.